விசுவாசமும் சுபாவமும்: அமெரிக்காவில் மனநல ஆலோசனை பிறந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மனம் கலங்கியவர்கள் தட்டக்கூடிய கதவுகள் குறைவு. நோய் முற்றியவர்களை மாநில அரசின் மனநோய் மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன. கையில் பணம் உள்ளவர்கள் நரம்புத் தளர்ச்சிக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் போய், வாரக்கணக்கில் படுக்கையில் ஓய்வெடுத்துத் திரும்பினார்கள். மற்ற எல்லாருக்கும் இருந்தது ஊர்ச் சபையின் போதகர் வீட்டு வாசல். துக்கம், குற்ற உணர்வு, குடிப்பழக்கம், குடும்பச் சண்டை, காரணம் தெரியாத பயம் எல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்தன. இன்று கவுன்சலிங் என்ற பெயரில் நடக்கும் தொழிலின் முக்கியமான வேர்களில் ஒன்று அந்த வாசலில் ஊன்றியது. அந்த வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வி விடாமல் தொடர்ந்துவருகிறது. ஒரே ஜெபமும் ஒரே பிரசங்கமும் ஒருவரைத் தேற்றுகின்றன, இன்னொருவரை நோயாளியாக்குகின்றன. இந்த வேறுபாடு சமயத்திலிருந்து வருகிறதா, ஆளின் சுபாவத்திலிருந்து வருகிறதா?

கேள்வி எழுந்த இடம் எழுப்புதல் கூட்டங்கள். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளில் வளர்ந்த பிள்ளைகள் பதின்பருவத்தில் ஒருநாள் தங்கள் பாவத்தை உணர்ந்து கலங்கி அழுது, பின் இரட்சிப்பின் நிச்சயத்தைப் பெற்று எழவேண்டும் என்பது பெரியவர்களின் எதிர்பார்ப்பு. பலருக்கு அப்படியே நடந்தது. சிலருக்கு எவ்வளவு ஜெபித்தும் ஒன்றும் நடக்கவில்லை. தேவன் தங்களைக் கைவிட்டுவிட்டார் என்று அவர்கள் நம்பத் தொடங்கினார்கள். இந்த அனுபவத்தைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கி ஆய்வுக்கு உட்படுத்தியவர்களில் முன்னோடி, இண்டியானாவின் குவேக்கர் குடும்பத்தில் பிறந்த எட்வின் ஸ்டார்பக். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே வினாப்பட்டியல் அச்சிட்டு விசுவாசிகளுக்கு அனுப்பினார். பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸுக்கு முதலில் இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் 1899இல் ஸ்டார்பக்கின் 'சமய உளவியல்' நூல் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் அவரேதான். மனந்திரும்பும் அனுபவம் பதினாறு வயதை ஒட்டியே அதிகம் நிகழ்கிறது என்பதும், அதற்கு முன் வரும் மனச்சோர்வும் பாவ உணர்வும் தூக்கமின்மையும் பொதுவாகப் பதின்பருவத்தினர் படும் பாட்டையே ஒத்திருக்கின்றன என்பதும் ஸ்டார்பக் கண்டவை.

சுபாவத்தை நேராகத் தொட்டவர் ஜார்ஜ் ஆல்பர்ட் கோ. மெதடிஸ்ட் போதகரின் மகன். எதிர்பார்த்த அந்த அனுபவம் அவருக்கு வாய்க்கவே இல்லை. 1900இல் வெளியான அவரது ஆய்வில் 77 பேர் இடம்பெற்றார்கள். திடீர் மாற்றத்தை எதிர்பார்த்துப் பெற்றவர்களையும், அதே அளவு எதிர்பார்த்தும் பெறாதவர்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். பேட்டி எடுத்தார், குணத்தை வகைப்படுத்தினார், சிலரை மனவசியத்துக்கு உட்படுத்தி, பிறர் சொல்லுக்கு எந்த அளவு இணங்குகிறார்கள் என்றும் சோதித்தார். உணர்ச்சி மிகுந்தவர்கள், பிறர் தூண்டுதலுக்கு எளிதில் ஆட்படுகிறவர்கள், கனவும் காட்சியும் காணும் இயல்புள்ளவர்கள் ஆகியோருக்கே நாடகத்தன்மையுள்ள மனந்திரும்புதல் பெரும்பாலும் நேர்ந்திருந்தது. அனுபவம் வராதவர் கிருபையை இழந்தவரோ விசுவாசத்தில் குறைந்தவரோ அல்லர், அவருடைய மன அமைப்பு வேறு, அவ்வளவுதான். 77 பேர் என்பது இன்றைய அளவுகோலில் சிறிய எண்ணிக்கை. ஆயினும், குற்ற உணர்வில் வெந்துகொண்டிருந்த ஒரு மாணவரிடம் ஒரு போதகர் இதைச் சொல்ல முடிந்தது என்பதே பெரிய காரியம். ஆளுமை ஆய்வு ஆலோசனைக்குப் பயன்பட்ட மிகப் பழைய சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

ஸ்டார்பக் திரட்டிய கைப்பிரதிகளையும் கோவின் முடிவுகளையும் எடுத்துக்கொண்டு ஜேம்ஸ் 1901, 1902 ஆண்டுகளில் எடின்பரோவில் கிஃபோர்டு சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1902இல் 'சமய அனுபவத்தின் வகைகள்' என்ற நூலாயின. கோயில், சடங்கு, கோட்பாடு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தனிமனிதரின் அனுபவத்தை மட்டும் அவர் பார்த்தார். விசுவாசிகளில் இரண்டு சுபாவம் உண்டு என்றார். ஒரு சாரார் உலகில் நன்மையையே காணும்படி பிறந்தவர்கள். தீமை அவர்கள் கண்ணில் தங்குவதில்லை, அவர்களுக்கு ஒருமுறை பிறந்ததே போதும். மறுசாரார் நோயுற்ற ஆன்மாக்கள். உலகின் துன்பம் அவர்களை அழுத்துகிறது, உடைந்து மீண்டும் பிறந்தாலொழிய அவர்களுக்கு நிம்மதி இல்லை. முதல் வகையின் சமயத்தை இரண்டாம் வகையினருக்குப் புகட்டினால் அது சாரமற்றுத் தெரியும். இரண்டாம் வகையின் சமயம் முதல் வகையினருக்கு நோயாகத் தெரியும். ஜேம்ஸ் எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. நூலில் பெயர் சொல்லாத ஒரு பிரெஞ்சுக்காரரின் கூற்றாக அவர் தந்திருக்கும் பயங்கர மனச்சோர்வுச் சம்பவம் அவருடைய சொந்த அனுபவம். பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒப்புக்கொண்டார். அவரது தந்தையும் அப்படி ஒரு கொடிய அச்சத்துக்கு ஆளாகி, சுவீடன்போர்க்கின் ஆன்மிகப் போதனையில் மீட்சி கண்டவர்.

ஜேம்ஸ் எழுதினாரே தவிர யாருக்கும் சிகிச்சை தரவில்லை. அந்த வேலையை பாஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயம் கையில் எடுத்தது. அதன் தலைமைக் குரு எல்வுட் வூஸ்டர், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் இருந்த பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். 1905இல் இந்த ஆலயத்தின் பண உதவியோடு மருத்துவர் ஜோசப் பிராட், ஏழைக் காசநோயாளிகளைக் குழுவாகக் கூட்டி வைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். இதையே மனத்துயருக்கும் செய்யலாமே என்று வூஸ்டருக்குத் தோன்றியது. 1906 நவம்பரில், தானும் மருத்துவரும் மறுநாள் காலை ஆலயத்தில் இருப்போம், தேவைப்படுகிறவர் வரலாம் என்று அறிவித்தார். ஏறத்தாழ 200 பேர் வந்து நின்றார்கள்.

வந்தவரை முதலில் மருத்துவர் சோதிப்பார். உடல்நோயோ முற்றிய பித்தோ இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். எஞ்சியவர்களைத் தனியே சாய்வு நாற்காலியில் அமரவைத்து, உடலைத் தளர்த்தச் சொல்லி, ஆறுதலும் ஊக்கமும் தரும் சொற்களை மெல்லச் சொல்வார்கள். வாரம் ஒருநாள் மாலையில் பாட்டும் ஜெபமும் சொற்பொழிவுமாக ஒரு கூட்டம், அதன்பின் பேச்சும் பழக்கமும். கட்டணம் கிடையாது. கோ அளந்து பார்த்த அதே தன்மை, அதாவது பிறர் சொல்லை ஏற்கும் இயல்பு, இங்கே மருந்தாகிவிட்டது. வூஸ்டரும் அவருடைய உதவிக் குரு சாமுவேல் மெக்கோம்பும் மருத்துவர் இசடோர் கோரியாட்டும் சேர்ந்து எழுதிய 'சமயமும் மருத்துவமும்' 1908இல் வெளிவந்து நாடெங்கும் பரவியது. பல ஊர்ச் சபைகள் இந்த முறையைக் கையாளத் தொடங்கியதும் மருத்துவர்கள் விழித்துக்கொண்டார்கள். முதலில் ஆதரித்த பாஸ்டன் நரம்பியல் வல்லுநர் ஜேம்ஸ் ஜாக்சன் புட்னம் விலகிக்கொண்டார். 1909இல் அமெரிக்கா வந்த ஃபிராய்டும் மருத்துவப் பயிற்சியில்லாத குருமார் இதில் இறங்குவதை ஏற்கவில்லை. இயக்கம் சில ஆண்டுகளில் தேய்ந்தது. மருத்துவர்களின் எதிர்ப்பில் தொழில் பொறாமையும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது: வேத பாடம் மட்டும் படித்தவருக்கு நோயாளியை அறியும் பயிற்சி எங்கே?

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. ஆன்டன் பாய்சன் 1876இல் இண்டியானாவில் பிறந்தவர். வனவியல் படித்து வனத்துறையில் வேலை பார்த்தபின், நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து கோவிடம் பாடம் கேட்டவர். 1920 அக்டோபரில் கடும் மனப்பிறழ்வு வந்தது. உலகம் அழியப்போகிறது என்ற காட்சிகள் அவரை ஆட்கொண்டன. குடும்பத்தார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாசசூசெட்ஸின் வெஸ்ட்பரோ அரசு மருத்துவமனையில் ஓராண்டுக்கு மேல் இருந்தார். தேறத் தொடங்கியதும் சுற்றியிருந்த நோயாளிகளைக் கவனித்தார். மருத்துவர்கள் இவர்களோடு பேசுவதே அபூர்வம். ஞாயிறுதோறும் வந்து பிரசங்கம் செய்யும் போதகருக்கோ இவர்கள் நோய் பற்றி எதுவும் தெரியாது. தனக்கு வந்தது மூளைக்கோளாறு மட்டும் அல்ல, சிதறிப்போன மனம் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் செய்த போராட்டமும் அதுதான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பழைய ஞானிகளும் தீர்க்கதரிசிகளும் பட்ட பாடும் அதே இனம் என்றார்.

1924இல் வூஸ்டர் நகரின் அரசு மனநோய் மருத்துவமனையில், கண்காணிப்பாளர் வில்லியம் பிரையன் ஆதரவுடன், போதகராகச் சேர்ந்தார். அடுத்த கோடையில் இறையியல் மாணவர் நால்வரை அழைத்துவந்து வார்டு உதவியாளர்களாக வேலையில் அமர்த்தினார். பகலில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, உலாவ அழைத்துப்போனார்கள். மாலையில் ஒவ்வொருவரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி விவாதித்தார்கள். மறைநூலைப் படிக்கும் அதே கவனத்தோடு உயிருள்ள மனிதரைப் படிக்க வேண்டும் என்பது பாய்சனின் பாடம். அந்த நால்வரில் ஒருவர் ஹெலன் ஃபிளாண்டர்ஸ் டன்பார். மனத்துக்கும் உடல்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பின்னாளில் புகழ்பெற்றவர். பயிற்சி வளர்ந்து 1930இல் ஒரு தனி அமைப்பானது. அதே ஆண்டில் தாயின் மறைவையடுத்துப் பாய்சனுக்கு நோய் திரும்பியது. அவருக்குத் துணை நின்ற மருத்துவர் ரிச்சர்ட் கேபட், மனநோய் மூளையில்தான் உருவாகிறது என்ற கருத்துடையவர். இருவர் உறவும் முறிந்தது. பாய்சன் இல்லினாய் மாநிலத்தின் எல்ஜின் மருத்துவமனைக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்.

1936இல் அவர் எழுதிய 'அக உலக ஆய்வு' நூலில் சுபாவக் கேள்வி புதிய உருவில் வருகிறது. உள்ளத்தில் தோல்வியும் குற்ற உணர்வும் மிஞ்சும்போது மனிதர் மூன்று வகையாக நடந்துகொள்கிறார்கள் என்று அவர் வகுத்தார். சிலர் முயற்சியைக் கைவிட்டுக் கனவிலும் சோம்பலிலும் கரைகிறார்கள். சிலர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் பிறர்மேல் பழிபோட்டுச் சந்தேகக் கோட்டை கட்டுகிறார்கள். வேறு சிலர் பெரும் பீதியில் விழுகிறார்கள். அவர்களுக்கே கடவுள், மரணம், உலகமுடிவு பற்றிய எண்ணங்கள் பெருக்கெடுக்கின்றன. பார்ப்பதற்கு மோசமாகத் தெரியும் இந்த மூன்றாம் வகையினரே தேறிவர அதிக வாய்ப்புள்ளவர்கள் என்றார் பாய்சன். உடலில் புகுந்த கிருமியை எதிர்க்கும் காய்ச்சல்தான் அவருக்கு இதற்கு உவமை. தன் வழக்கைத் தானே நியாயப்படுத்திக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் திடீரெனத் தாக்கும் மனப்பிறழ்வு மெல்ல ஊர்ந்துவருவதைவிட எளிதில் தேறும் என்ற அவரது கவனிப்பை மனநல மருத்துவமும் பொதுவாக ஏற்கிறது.

பாய்சன் படித்த அதே யூனியன் கல்லூரி வாசலில்தான் கவுன்சலிங் துறையின் வேறு இரண்டு முக்கியப் பெயர்களும் அகப்படுகின்றன. கார்ல் ராஜர்ஸ் 1924இல் அங்கே போதகராகப் படிக்க வந்து, கோட்பாட்டுக்குக் கட்டுப்பட்ட தொழில் வேண்டாம் என்று பக்கத்திலிருந்த ஆசிரியர் கல்லூரிக்கு மாறினார். 1942இல் வந்த அவரது நூல், அறிவுரை சொல்வதை நிறுத்திவிட்டு வந்தவரைக் கேட்பதையே முறையாக்கியது. ரோலோ மே அங்கே பட்டம் பெற்றுச் சிறிதுகாலம் போதகராக இருந்தவர். 1939இல் அவர் எழுதிய 'ஆலோசனைக் கலை', இத்துறையின் ஆரம்பகால நூல்களில் ஒன்று. 1949இல் சீவர்ட் ஹில்ட்னர் 'போதகர் ஆலோசனை' நூலை எழுதியபின் இறையியல் கல்லூரிகளில் இது முறையான பாடமாயிற்று.

மறுபக்கம், ஜேம்ஸ் சொன்ன முதல் வகைச் சமயத்தைப் பெருவாரியாக விற்றவர் நார்மன் வின்சென்ட் பீல். நியூயார்க் ஆலயத்தில் 1937 முதல் மனநல மருத்துவர் ஸ்மைலி பிளான்டனோடு சேர்ந்து ஆலோசனை நிலையம் நடத்தியவர். அந்தப் பணி நேர்மையானது. 1952இல் அவர் எழுதிய 'ஆக்கபூர்வச் சிந்தனையின் ஆற்றல்' லட்சக்கணக்கில் விற்றது. சந்தோஷமாக இருக்க இயலாதவரை, அது உன் நினைப்பின் குறைதான் என்று அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. மனநல வல்லுநர்களும் இறையியலாளர்களும் ஒருசேர அதைக் கண்டித்தார்கள். இரண்டாம் வகையினருக்குக் கிடைத்த இடம் வேறு. 1934 டிசம்பரில் குடிநோய்க்காக நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் படுத்திருந்த பில் வில்சன் கைக்கு ஜேம்ஸின் நூல் வந்தது. முழுத் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகே மீட்சி என்ற கருத்தை அதில் கண்டார். 1935இல் ஓஹையோவின் அக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அந்தக் கருத்தின் மேல் எழுந்தது.

ஆளுமை ஆய்வும் சமய ஆய்வும் மீண்டும் ஒரே ஆளிடம் சந்தித்தன. ஹார்வர்டின் கார்டன் ஆல்போர்ட் 1936இல் ஆட்பர்ட் என்பவரோடு சேர்ந்து, மனிதரின் குணத்தையும் நடத்தையையும் குறிக்கும் 17,953 சொற்களை ஆங்கில அகராதியிலிருந்து திரட்டினார். இன்று உலகெங்கும் வழங்கும் ஐந்து பெரும் ஆளுமைக் கூறுகளின் கணக்கு அந்தப் பட்டியலில் தொடங்குகிறது. இதே ஆல்போர்ட் இனவெறுப்பை ஆராய்ந்தபோது சங்கடமான ஒன்றைக் கண்டார். கோயிலுக்குப் போகிறவர்கள் போகாதவர்களைவிட அதிக வெறுப்பாளர்கள். ஆனால் மிகத் தீவிரமாக ஈடுபடுகிறவர்களிடம் வெறுப்பு குறைவு. 1967இல் ராஸ் என்பவரோடு சேர்ந்து, ஆறு சபைப் பிரிவுகளில் 309 பேரிடம் இதைச் சோதித்தார். சிலர் சமயத்தைப் பாதுகாப்புக்கும் மதிப்புக்கும் நட்புவட்டத்துக்கும் கருவியாக்குகிறார்கள், இது புறப்பற்று. சிலருக்குச் சமயமே வாழ்வின் அச்சு, இது அகப்பற்று. வெறுப்பை அளக்கப் பிறந்த இந்த அளவுகோல் விரைவிலேயே மனநலத்தை அளக்கப் புறப்பட்டது. அகப்பற்று உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் சராசரியில் சற்றுக் குறைவாகவும் புறப்பற்றில் சற்றுக் கூடுதலாகவும் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லின.

1980இல் உளவியல் ஏடு ஒன்றில் பெரும் வாதம் மூண்டது. பக்தி என்பதே அறிவுக்குப் பொருந்தாத சிந்தனை, அது மனக்கலக்கத்தின் வடிவம் என்றார் சிகிச்சையாளர் ஆல்பர்ட் எல்லிஸ். மார்மன் சபையைச் சேர்ந்த ஆலன் பெர்ஜின் மறுத்தார். 1983இல் அவர் 24 ஆய்வுகளிலிருந்து 30 முடிவுகளைத் தொகுத்தபோது சமயப்பற்றுக்கும் மனநலத்துக்கும் 47 சதவீதத்தில் நேர்த்தொடர்பும் 23 சதவீதத்தில் எதிர்த்தொடர்பும் இருந்தன. மீதி 30 சதவீதத்தில் தொடர்பே இல்லை. இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொள்ள முடியாத கணக்கு இது. கென்னத் பார்கமென்ட் 1997இல் கேள்வியையே திருப்பிப்போட்டார். துன்பம் வரும்போது ஒருவர் தம் சமயத்தை எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்கச் சொன்னார். கடவுளைத் துணையாகக் கொண்டு போராடுவது ஒன்று, கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டார் என்று குமைவது மற்றொன்று. 55 வயதுக்கு மேற்பட்ட 596 உள்நோயாளிகளை அவர் குழு ஈராண்டு தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட முடிவில், இரண்டாம் வகைப் போராட்டம் உள்ளவர்களின் மரண அபாயம் சற்றுக் கூடியிருந்தது. எழுப்புதல் கூட்டத்தில் நிச்சயம் கிடைக்காமல் தவித்த இளைஞரின் துயரம் ஒரு நூற்றாண்டு கழித்து மருத்துவப் புள்ளிவிவரத்தில் இடம்பிடித்தது. அதற்கு முன்பே, 1994இல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு சமய, ஆன்மிகச் சிக்கலை நோய் அல்லாத, ஆனால் கவனம் தரவேண்டிய ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

ஐந்து பெரும் கூறுகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் ஏமாற்றின. பெல்ஜிய உளவியலாளர் வாசிலிஸ் சரோக்லூ 2002இல் தொகுத்தபடி, சமயப்பற்று இணக்க குணத்தோடும் பொறுப்புணர்ச்சியோடும் ஒட்டிவருகிறது. சடங்கு சாராத ஆன்மிக நாட்டம் புதியவற்றை வரவேற்கும் மனத்தோடு சேர்கிறது. தொடர்புகள் எல்லாமே சிறியவை. மனச்சோர்வோடு மிக நெருங்கிய கூறான சஞ்சல குணத்துக்கும் சமயப்பற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை. பயந்தவர்கள்தான் கடவுளை நாடுகிறார்கள் என்ற பழைய ஏளனத்துக்கு இதனால் ஆதாரம் போய்விட்டது. ராபர்ட் குளோனிங்கர் 1993இல் வகுத்த ஆளுமை அளவையில் தன்னைக் கடந்து நிற்கும் குணம் ஒரு தனிக் கூறாகவே இடம்பெற்றது. அந்தக் குணம் மட்டும் மிகுந்து, தன்னைத் தானே நடத்திச்செல்லும் திறன் குறைந்திருந்தால் மனம் விசித்திர நம்பிக்கைகளில் தடுமாறும், இரண்டும் சேர்ந்திருந்தால் படைப்பாற்றலாகும் என்பது அவர் கணிப்பு. பாய்சன் தன் வாழ்க்கையை வைத்துச் சொல்ல முயன்றதும் ஏறக்குறைய இதுதான்.

ஆலோசனைத் தொழிலின் நிலைமை இதற்குள் மாறிவிட்டது. 1976இல் வர்ஜீனியாவில் தொடங்கி மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஆலோசகர்களுக்கு உரிமம் விதித்தன. 1963இல் உருவான அமெரிக்கப் போதக ஆலோசகர் சங்கம் 2019இல், பாய்சனின் பயிற்சி மரபில் வந்த மருத்துவமனைப் போதகர் கல்விச் சங்கத்தோடு இணைந்துவிட்டது.

இந்த வரலாற்றில் ஒரு பெரிய குறை உண்டு. வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் புரட்டஸ்டண்ட் அமெரிக்கர்களுக்காக, அதிலும் கல்லூரி மாணவர்களை வைத்து, உருவானவை. தனிமனிதரின் அந்தரங்க விசுவாசமே உயர்ந்தது, கூட்டமும் சடங்கும் அதற்குக் கீழே என்ற மதிப்பீடு அவற்றின் கேள்விகளுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆல்போர்ட்டின் கணக்குப்படி, பிள்ளைக்கு உடம்பு தேறப் பழனிக்கு நேர்ந்துகொண்டு ஊரோடு நடந்துபோகும் குடும்பம் புறப்பற்றுப் பட்டியலில் விழும், மனநலத்தில் ஒரு படி குறைந்ததாகவும் கருதப்படும். யூத மரபைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தக் குறையை அமெரிக்காவிலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த அளவுகோல்களைத் தமிழாக்கிக் கல்லூரி ஆய்வேடுகளில் கையாள்கிறவர்கள் மதிப்பெண் கூட்டுவதற்கு முன், நேர்த்திக்கடனையும் திருவிழாவையும் எந்தப் பத்தியில் போடுவது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்.